சட்டம் படித்து முடித்த பிறகு: யாழ்ப்பாணத்து மாணவருக்குப் பொதுநலச் சட்டப்பணி ஒரு தொழிலாகுமா?

சட்டம் படிக்கிற பிள்ளை என்றால் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் இரண்டு படம்தான் மனதில் வரும். ஒன்று, பரீட்சை எழுதி நீதவானாகப் போவது. மற்றது, நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, வெளியே பெயர்ப்பலகை மாட்டி, காணி உறுதி எழுதுவது. இரண்டும் நல்ல தொழில்கள், ஊருக்குத் தேவையானவையும்கூட. ஆனால் இந்த மண்ணில் ஒரு சட்டத்தரணிக்காகக் காத்துக் கிடக்கும் வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டிலும் அடங்குவதில்லை. காணாமல் போன மகனைத் தேடும் தாய், பல வருடம் படையினர் வசம் இருந்த காணிக்கு உறுதியைத் தொலைத்துவிட்டு நிற்கும் குடும்பம், கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் படர்ந்திருக்கக் கண்ட ஊர் என்று அந்த வரிசை நீளமானது. இவர்களுக்காகச் செய்கிற வேலையைப் பொதுநலச் சட்டப்பணி என்கிறோம். அதை எப்படி ஒரு தொழிலாகச் செய்வது, எப்போது தொடங்குவது, வருமானம் எங்கிருந்து வரும் என்பதை மாணவரைப் பக்கத்தில் இருத்திச் சொல்லித்தர ஆட்கள் குறைவு.

அதனால் என்ன நடக்கிறது? ஆர்வமுள்ள பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் மனித உரிமை பற்றி உற்சாகமாகப் பேசுகிறார்கள். நான்காம் வருடத்தில், "இதைச் செய்தால் சாப்பாட்டுக்கு வழி இருக்குமோ சேர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு "மனமிருந்தால் இடமுண்டு" என்று பதில் சொல்வது பொறுப்பான வழிகாட்டல் ஆகாது. பொதுநலப் பணியை நாம் தியாகமாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். தியாகம் செய்யும் வசதி எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் இல்லை. அதைத் தொழிலாகப் பேசினால்தான் தச்சுவேலை செய்பவரின் மகளும் கடற்றொழிலாளியின் மகனும் இந்தப் பக்கம் வர முடியும்.

முதலில் பாதையைப் பார்ப்போம். உயர்தரப் பரீட்சையில் நல்ல இஸட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் புள்ளி) எடுத்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு வருகிறார்கள். சட்டமாணி நான்கு வருடம். பட்டம் எடுத்தால் சட்டத்தரணி ஆகிவிடலாம் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள், அது அப்படி இல்லை. கொழும்பு புதுக்கடையில் 1874 முதல் இருந்துவரும் இலங்கைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளைத் தாண்ட வேண்டும். அரச பல்கலைக்கழகச் சட்டப் பட்டதாரிகளுக்கு நுழைவுப் பரீட்சை இல்லை என்பது ஒரு சலுகை. அதன் பிறகு ஒரு சீனியரிடம் ஆறு மாதம் பயிற்சி. அப்புறம்தான் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். இந்தக் காலத்தில் வெள்ளவத்தைப் பக்கம் அறை வாடகை, சாப்பாடு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். சத்தியப்பிரமாணம் முடித்து ஊருக்கு வந்தாலும் ஜூனியராக நிற்கும் முதல் வருடங்களில் கையில் வருவது மிகக் குறைவு. சில சீனியர்கள் போக்குவரத்துச் செலவு மட்டும் கொடுப்பார்கள், சிலரிடம் அதுவும் இல்லை. பொதுநலப் பக்கம் வர நினைத்த பிள்ளைகளில் பலரை நாம் இழப்பது இந்த இடைவெளியில்தான்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கு வேறு முகம். அங்கே சட்டம் படித்து வெளியே வருபவரின் தலையில் பெரிய கல்விக் கடன் இருக்கும், அதைக் கட்டுவதற்காகவே பெரிய கம்பனிகளுக்கு வேலை செய்யும் சட்ட நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். அதைச் சமாளிக்க அவர்கள் சில ஏற்பாடுகளைச் செய்திருக்கிறார்கள். ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் பொதுநலத் துறைக்குப் போக விரும்பும் மாணவருக்கு ஆலோசனை சொல்வதற்கென்றே தனி அலுவலகம் உண்டு. பொதுச் சேவையில் இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியவரின் மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007இல் சட்டமானது. நியூயோர்க் மாநிலத்தில் சட்டத்தரணியாகப் பதிவுசெய்ய 50 மணித்தியால இலவசச் சட்டப்பணி செய்திருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கடன் இல்லை. இலவசக் கல்வியில் படித்து வந்தவர்கள். இதை ஒரு பலமாக யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. கடனில்லாமல் வெளியே வரும் ஒருவருக்கு முதல் மூன்று நான்கு வருடச் சீவனத்துக்கு ஒரு திட்டம் இருந்தால் போதும், பிறகு தொழில் தன் காலில் நிற்கும். ஆகவே வழிகாட்டல் என்பது அந்த மூன்று நான்கு வருடத்தைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்கவேண்டும்.

அதைப் பேசுவதற்கு முன் வேலை என்னவென்று தெரியவேண்டும். பொதுநலம் என்றதும் மாணவர் மனதில் வருவது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் அந்த மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும், அதுவும் கொழும்பில் மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பொலிஸ் நிலையத்தில் அடிவாங்கியவர் காயம் ஆறி, பயம் தெளிந்து, யாரிடம் போவதென்று விசாரித்து வருவதற்குள் அந்த மாதம் முடிந்துவிடும். இங்கேதான் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கைகொடுக்கிறது. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அந்த விசாரணை நடக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு பிரிவைத் தெரிந்த இளம் சட்டத்தரணி ஊரில் இருந்தால் எத்தனையோ மனுக்கள் செத்துப்போகாமல் காப்பாற்றப்படும். பெரிய வாதத்திறமை எதுவும் தேவையில்லை, நேரத்துக்கு ஒரு முறைப்பாட்டை எழுதிக் கொடுக்கத் தெரிந்தால் போதும்.

பிடித்துச் செல்லப்பட்டவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். 1996இல் நாவற்குழியில் இராணுவத்தினரால் பிடிக்கப்பட்டுக் காணாமல் போன இளைஞர்கள் சிலருக்காக, இருபது வருடம் கழித்து, யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் அப்படி மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் கீழ் விண்ணப்பிக்கச் சட்டத்தரணியாக இருக்கவே தேவையில்லை, குடிமகனாக இருந்தால் போதும். பிரதேச சபை குப்பையை எங்கே கொட்டுகிறது, பிரதேச செயலகம் ஒரு காணியை எந்த அதிகாரத்தின் கீழ் கையேற்றது என்று இரண்டாம் வருட மாணவி ஒருவரே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவோம் அல்லது மாட்டோம் என்று பதில் வரவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு. நிர்வாகச் சட்டத்தைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே படிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் பொதுநலப் பணியின் பெரும்பங்கு இவற்றைவிடச் சாதாரணமான இடத்தில் இருக்கிறது. சட்ட உதவி மேசை ஒன்றில் ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் சொப்பிங் பை ஒன்றோடு வருகிறார். உள்ளே சீதன உறுதியின் மங்கிப்போன பிரதி, கிராம அலுவலரின் கடிதம், 2009இல் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு, செஞ்சிலுவைச் சங்கம் தந்த ஒரு கடதாசி, கணவரின் அடையாள அட்டைப் பிரதி. மகளுக்குக் கல்யாணம், காணியில் ஒரு பரப்பை விற்கவேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு, "கணவரின் கையெழுத்து வேணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நொத்தாரிசு சொன்னதில் பிழை இல்லை. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வைத்த விதி. கணவர் எங்கே என்று தெரியாத பெண் என்ன செய்வாள்? மாவட்ட நீதிமன்றத்திடம் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்ற அனுமதி பெற வழியுண்டு. இறப்புப் பதிவுச் சட்டம் ஒன்றுக்கு 2016இல் வந்த திருத்தத்தால், ஆள் காணாமல் போயிருக்கிறார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பதிவாளரிடம் பெறவும் முடிகிறது. இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட மனம் வராத குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். அந்தப் பையிலுள்ள கடதாசிகளை ஆண்டு வரிசைப்படி அடுக்கி, எதில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்தத் திகதி எதனோடு முட்டுகிறது என்று பார்த்து, ஒரு பக்கத்தில் அந்தப் பெண்ணின் கதையைச் சத்தியக்கடதாசிக்கு ஏற்றபடி எழுதுவதுதான் வேலை. ஒரு மாணவர் சட்டத்தரணியின் மேற்பார்வையில் இதைப் பத்துப் பேருக்குச் செய்தால், தேசவழமையும் சான்றுச் சட்டமும் சிவில் நடைமுறையும் ஒருசேர விளங்கும். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் தாபரிப்பு (மனைவி பிள்ளைகளுக்கான பராமரிப்புப் பணம்), குடும்ப வன்முறை, காணி என்று இப்படியான ஆட்கள்தான் வருகிறார்கள். பொதுநலப் பணியின் அடித்தளம் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன், தலைப்புச் செய்தியாகும் வழக்குகள் அதற்குப் பிறகு வருபவை.

தலைப்புச் செய்தியான வழக்கு ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் பாடம் இதுதான். சுன்னாகம் மின்நிலையத்திலிருந்து கசிந்த எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தது. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் கிணறு கெட்டால் வேறு போக்கிடம் கிடையாது. சூழலியல் ஆர்வலர் ஒருவர் பொதுநலன் கருதி 2015இல் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது, மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் பிரயோகித்தது. நாட்டின் சூழல் சட்டத்தில் இது முக்கியமான தீர்ப்பு. இத்தகைய வழக்கைத் தூக்கி நிறுத்துவது எது? எந்தக் கிணறு, எந்தத் திகதியில், எந்த ஆய்வுகூடத்தில், எவ்வளவு எண்ணெய் என்ற விபரங்கள்தான். ஆய்வுகூட அறிக்கையை வாசித்து விளங்கும் சட்டத்தரணியும், வீடு வீடாகப் போய் விபரம் சேர்க்கும் பிள்ளைகளும் இல்லாவிட்டால் கொள்கை மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. விஞ்ஞான பீடமும் சட்டத்துறையும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தும், இரண்டு பக்க மாணவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு பிரச்சினையைப் பார்க்க வாய்ப்புக் குறைவாக இருப்பது எனக்கு வருத்தம்.

காலம் என்ற விடயத்தையும் மாணவருக்கு மறைக்கக்கூடாது. பள்ளி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி 1996இல் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற படைவீரர் ஒருவர் நீதிமன்றத்தில் சொன்னதிலிருந்துதான் செம்மணிப் புதைகுழி விவகாரம் வெளியே வந்தது. 1999இல் ஓர் அகழ்வு நடந்தது. பிறகு 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில், யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில், மறுபடியும் அகழ்வு. முதல் வழக்கு நடந்தபோது இன்றைய மாணவர் எவரும் பிறந்திருக்கவில்லை. அப்படியானால் இந்தத் துறையில் வேலை செய்பவர் தான் முடித்துவைப்பதற்காக மட்டும் வேலை செய்ய முடியாது. அடுத்தவர் எடுத்து வாசித்து விளங்கும்படி கோப்பை ஒழுங்காக விட்டுப் போவதும் தொழில்திறமைதான். அதைப் படிப்பிக்கலாம், பயிற்றலாம்.

மொழி இன்னொன்று. வடக்கில் கீழ் நீதிமன்றங்கள் தமிழில் நடக்கின்றன. வழக்கு கொழும்புக்கு மேன்முறையீடாகப் போனதும் ஆங்கிலம். பொலிஸ், படைத்தரப்பு ஆவணங்களில் பெரும்பாலானவை சிங்களம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 1995இல் 50 வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைப் படித்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலமே அவருக்கு எதிரான சான்றாக நின்றது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு 2004இல் அது உரிமை மீறல் என்று கண்டது, ஆனாலும் 2006இல் இங்குள்ள உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு உள்நாட்டில் வலுவில்லை என்றது. சிங்களத்தில் ஒரு வாக்குமூலத்தை வாசித்துச் சொல்லக்கூடிய தமிழ்ச் சட்டத்தரணி இன்றும் தேவையான அளவு இல்லை. தொழில் ஆலோசகராக ஒரே ஒரு அறிவுரை சொல்லச் சொன்னால், கொழும்பில் இருக்கும் அந்த வருடங்களில் சிங்களம் வாசிக்கப் பழகுங்கள் என்பேன். அது வருமானத்துக்கும் உதவும்.

சரி, வருமானம். யாழ்ப்பாணத்தில் பொதுநலப் பணியைத் தொடர்ந்து செய்து வருபவர்களைப் பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகத் தெரியும்: பெரும்பாலானோர் கட்டணம் வாங்கும் வழக்கையும் வாங்காத வழக்கையும் கலந்துதான் தொழில் செய்கிறார்கள். முன்பு நீதிமன்றத்தில் வாதிடும் அப்புக்காத்து வேறு, கட்சிக்காரரின் பத்திர வேலைகளைப் பார்க்கும் பிறக்கிராசி வேறு. 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்ற ஒரே நிலையை உண்டாக்கியதால், இன்று ஒருவர் காலையில் மாவட்ட நீதிமன்றத்தில் பங்கீட்டு வழக்கு, பின்னேரம் காணி உறுதி, இடையில் பணம் வாங்காத ஓர் ஆட்கொணர்வு மனு என்று ஓட்ட முடிகிறது. நொத்தாரிசு அனுமதியைத் தனியாக எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உறுதி எழுதுவதைக் கொஞ்சம் கீழாகப் பார்க்கும் இலட்சிய மாணவர்களுக்கு நான் சொல்வது: அந்த வேலைதான் உங்கள் அறை வாடகையைக் கட்டும், காணிச் சட்டத்தையும் விரல் நுனியில் வைத்திருக்கச் செய்யும். 2025 மார்ச்சில் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிகளைப் பற்றி வர்த்தமானி அறிவித்தல் வந்து, மூன்று மாதத்துக்குள் உரிமை கோருங்கள் என்றபோது, உறுதியையும் பழைய காணிப் பதிவேடான தோம்பையும் வாசிக்கத் தெரிந்தவர்களைத்தான் சனம் தேடிப் போனது. உயர் நீதிமன்றம் பிறகு அதை இடைநிறுத்தியது.

அரசசார்பற்ற நிறுவனச் சம்பளம் அடுத்த வழி. நல்ல அனுபவம் கிடைக்கும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதப் பழகலாம். ஆனால் பல வேலைகள் திட்டத்தோடு முடிகிற ஒப்பந்தங்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி திடீரென நின்றபோது அதை நம்பியிருந்த அமைப்புகள் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். நிறுவனத்தில் இருந்தாலும் கிழமையில் ஒரு நாளாவது நீதிமன்றத்தில் நிற்க அனுமதி கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடியும்போது நீதிமன்ற அனுபவமும் இருக்காது.

ஆசிரியர்கள் பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. நாவற்குழி ஆட்கொணர்வு வழக்கில் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் ஒருவருக்கு, நீதிமன்றத்தில் தோன்றக்கூடாது என்று 2019இல் தடை வந்தது. அவர் அடுத்த வருடம் பதவி விலகினார். நீதிமன்றத்துக்குப் போகும் ஆசிரியர் இல்லாவிட்டால் மாணவர் யாரைப் பார்த்து இந்தத் தொழிலைக் கற்பார்கள்? மருத்துவ பீடத்து ஆசிரியர் நோயாளியைப் பார்க்கக்கூடாது என்று யாரும் சொல்வதில்லையே.

பெண்பிள்ளைகளுக்கு வரும் தடைகள் வேறு. இரவில் பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டி வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள், விசாரணை என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் கல்யாணப் பேச்சு என்னாகும் என்ற பயம் உண்மையானது. "துணிவாக இரு" என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓர் அலுவலகம் எடுப்பது, யார் எங்கே போகிறோம் என்று சொல்லி வைப்பது போன்ற நடைமுறைகளை மூத்த பெண் சட்டத்தரணிகள் சொல்லிக் கொடுக்கலாம். நாள் முழுக்கக் காணாமல் போனவர்களின் கதையைக் கேட்டு எழுதுவது மனதை அரிக்கும் என்பதையும் முன்கூட்டியே பேசவேண்டும்.

பல்கலைக்கழகத்தில் தொழில் வழிகாட்டல் அலகு இருக்கிறது. அது சுயவிபரக் கோவை எழுதுவது, நேர்முகப் பரீட்சைக்குப் போவது பற்றிச் சொல்லித்தருகிறது. சட்ட மாணவருக்கு அதோடு வேறொன்றும் தேவை: இரண்டாம் வருடம் முடியும் விடுமுறையில் மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை நீதிமன்றங்களில் தாபரிப்பு வழக்கு எடுக்கும் நாளில் போய் உட்கார்வது. மூன்றாம் வருடத்தில் சட்ட உதவி மேசை. நான்காம் வருடத்தில், பயிற்சிக்கு எந்தச் சீனியரிடம் போவது என்ற தெரிவு. இந்தத் தெரிவைத்தான் பிள்ளைகள் பெரும்பாலும் "அப்பாவுக்குத் தெரிஞ்சவர்" என்ற அளவில் முடித்துவிடுகிறார்கள். சீனியரிடம் போய் மரியாதையாகக் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. "சேர், உங்களிட்ட வாற வழக்குகளில மேல் நீதிமன்ற வழக்கு எத்தனை இருக்கும்? கட்சிக்காரரோட பேச என்னை விடுவீங்களோ? மனு எழுத விட்டுத் திருத்தித் தருவீங்களோ? போக்குவரத்துச் செலவு கிடைக்குமோ? சட்ட உதவி வழக்கு ஒண்டை நானே எடுத்துச் செய்ய ஒரு நாள் விடுவீங்களோ?" கேட்டால் கோபிப்பார்கள் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். நல்ல சீனியர் இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்வார், கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்றும் சொல்வார். அவரிடம் போங்கள்.